மூன்றாம் கர்ஜனை: ஓர் ஆங்கிலப் பத்துப்பாட்டும் அதன் உரைகாரர்களும்

பாயிரம்

பிங்க் ஃபிளாய்டு குழுவின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ இசைத்தட்டு 1973 மார்ச்சில் வெளிவந்தது. மூலம் ஏறக்குறைய 43 நிமிடம். உரை ஐம்பது ஆண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் கடவுள் வாழ்த்தைத் தாண்டவில்லை.

தட்டில் பத்துப் பாடல்கள். ஆகவே இவ்வாய்வு இதனைப் பத்துப்பாட்டு என்றே வழங்கும். சில குறுந்தகடுப் பதிப்புகளில் முதலிரண்டையும் ஒட்டி ஒன்பதாக்கியிருப்பார்கள். அதைச் சுட்டிக்காட்டி எனக்குக் கடிதம் எழுத இப்போதே பேனாவைத் தேடுகிறவர்கள் பதற வேண்டாம். இந்தக் கட்டுரையே உங்களைப் பற்றியதுதான்.

இத்தட்டின் ரசிகர் ஒருவரிடம் “நல்லாயிருக்குமா?” என்று கேட்டுப் பாருங்கள். “எந்தப் பதிப்பு?” என்று திருப்பிக் கேட்பார். ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்தும் விடுகிறது. மீதி முந்நூறு பக்கம் பைண்டிங்குக்காக.

இவ்வாய்வுக்குத் துணைநின்ற உரைகள் நான்கு: சோபா உரை, மொட்டைமாடி உரை, ஹெட்போன் உரை, மூன்றாம் பெக் உரை. இவற்றுள் கடைசி முழுமையாகக் கிடைக்கவில்லை; உரைகாரர் பாதியில் தூங்கிவிட்டார். உரையாசிரியர்களின் பெயர்களை அவரவர் இல்லத்தரசிகளின் மன அமைதி கருதி விட்டிருக்கிறேன்.

நூற்பெயர்

1972இல் மெடிசின் ஹெட் என்ற வேறொரு குழு இதே பெயரில் ஒரு தட்டு போட்டுவிட்டது. பிங்க் ஃபிளாய்டுக்காரர்கள் தங்கள் படைப்புக்குச் சிறிது காலம் ‘எக்ளிப்ஸ்’ என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள். மெடிசின் ஹெட்டின் தட்டு விலைபோகவில்லை. பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். பெயர்க்காரணம் பற்றி மனப்பிறழ்வு, மரணம், ஆழ்மனம் என்று உரைகாரர்கள் அடுக்கியிருக்கும் விளக்கங்களில் இது மட்டும் இல்லை.

அட்டையியல்

அட்டையில் ஒரு முப்பட்டகம். வெள்ளை ஒளி உள்ளே போய் வண்ணமாக வெளியே வருகிறது. ஹிப்னாசிஸ் நிறுவனத்தார் ஏழு வடிவங்களைக் காட்ட, குழுவினர் நால்வரும் தயங்காமல் இதைத் தேர்ந்தார்கள். வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. பள்ளியில் ‘விப்ஜியார்’ நெட்டுருப் போட்ட எவரும் எண்ணிப் பார்க்கலாம்: அட்டையில் இருப்பது ஆறு நிறம். கருநீலத்தைக் காணோம்.

கருநீலம் எங்கே போயிற்று? அது 1968இல் குழுவை விட்டுப் பிரிந்த சிட் பாரெட்டைக் குறிக்கும் என்பது ஹெட்போன் உரை. இழப்பே நூலின் கருப்பொருள், எனவே ஒரு நிறம் இழந்து நிற்கிறது என்பது சோபா உரை. மை மிச்சம் என்பது மொட்டைமாடி உரை (உரைகாரர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்). ஆறு பட்டை வரைந்தால் ஆறு பட்டைதான் தெரியும் என்ற கொள்கைக்கு இதுவரை உரைகாரர் எவரும் அமையவில்லை.

இவ்விடத்து நான் சொல்வது ஒன்றுண்டு. வானவில்லுக்கு ஏழு நிறம் என்று வகுத்தவர் நியூட்டன். ஏழு சுரத்துக்கு ஒப்பாக ஏழு நிறம் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கருநீலத்தை அப்படித்தான் வரிசையில் உட்காரவைத்தார். ஆக, இசைக்காக உள்ளே வந்த நிறத்தை இசைத்தட்டுக்காரர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்த நயத்தை ஒரு கருத்தரங்கில் படிக்க எழுதி அனுப்பினேன். பதிவுக் கட்டணம் கட்டினால் சிறந்த கட்டுரை, கட்டாவிட்டால் ஆதாரமற்றது என்று பதில் வந்தது.

தாளவியல்

‘மணி’ என்ற பாடல் ஏழில் நடக்கிறது. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவர்கள் இதற்காக மூர்ச்சையாக வேண்டியதில்லை. சாக்சபோன் வாசிப்பவர் ஏழிலேயே தத்தளித்துக் கரை சேர்ந்ததும், கிட்டார் தனக்கு வசதியாக நாலுக்கு மாற்றிக்கொள்கிறது. குழுவில் யாருக்குச் செல்வாக்கு என்பது இதனால் பெறப்படும்.

அப்பாட்டின் முகப்பில் கலகலக்கும் காசு முதலாளித்துவத்தின் பேரொலி என்பர். இருக்கலாம். குழுவைச் சேர்ந்த ரோஜர் வாட்டர்ஸின் அப்போதைய மனைவி மண்பாண்டக் கலைஞர். அவர் களிமண் கலக்கும் பாத்திரத்தில் காசை எறிந்து பதிவு செய்த சத்தம் அது. பாத்திரத்தைக் கழுவி வைத்தாரா என்று எந்த உரையிலும் குறிப்பில்லை.

கடிகாரவியல்

தட்டில் ஒலிக்கும் அத்தனை கடிகாரங்களும் ஒரு கடிகாரக் கடையில், நான்கு ஸ்பீக்கர் ஒலிமுறையை விளக்கிக் காட்ட ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் எடுத்து வைத்திருந்தவை. மேலே செல்வோம்.

சொல்லிலா இயல்

‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில் பாடகி ஒரு சொல்லும் பாடவில்லை. வெறும் குரல். ஆதலால் இதற்குத்தான் பதவுரை அதிகம். மரணபயம் என்பார், பிரசவம் என்பார், காதல் என்பார். பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் குரல்வரிசை தாம் ஆக்கியது என்று 2004இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசமாகி, இசையமைத்தவர் பட்டியலில் அவர் பெயரும் ஏறியது. அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று முப்பது வருடம் சண்டை போட்ட உரைகாரர்களுக்கு, யார் சொன்னது என்று கேட்கத் தோன்றவில்லை. கேலி எழுத உட்கார்ந்தவன் நான், ஆனால் இந்தப் பாட்டைக் கேட்கும்போது கேலி வரமாட்டேன் என்கிறது. அடுத்த இயலுக்குப் போய்விடலாம்.

சிங்கவியல்

இவ்வாய்வின் உயிர்நிலை இதுதான். 1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தை, வசனத்தை அடைத்துவிட்டு ஓடவிட வேண்டும். முகப்பில் எம்ஜிஎம் சிங்கம் கர்ஜிக்கும். மூன்றாம் கர்ஜனையில் இசைத்தட்டைத் தொடங்கினால் படமும் பாட்டும் ஒன்றோடொன்று பொருந்தும் என்ப. படத்தின் நாயகி டோரதி கதவைத் திறந்து வண்ண உலகத்துக்குள் நுழையும்போது காசு குலுங்கும். தகர மனிதனின் நெஞ்சில் அவள் காதை வைக்கும்போது இதயம் துடிக்கும். 1995இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரப் பத்திரிகை ஒன்று இதை எழுதப்போய், அன்று பிடித்த சனி இன்னும் பெயரவில்லை.

பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு கொண்டுபோய்ப் பூட்டுவார், ‘மாட்டு’ என்பார். முல்லைப்பாட்டை இப்படிப் பிய்த்துக் கோத்ததை மறைமலையடிகள் கடுமையாகவே கண்டித்தார். பாவம், நச்சினார்க்கினியர் ஒரு பாட்டுக்குள்தான் இடம் மாற்றினார். நம் உரைகாரர்கள் ஹாலிவுட் படத்தை லண்டன் பாட்டோடு 34 ஆண்டு தாண்டி மாட்டியிருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய மாட்டு இதுவே.

யானைக்கு எந்த நாமம் என்ற வழக்குக்கு இணையானது, சிங்கத்துக்கு எந்தக் கர்ஜனை என்ற வழக்கு. மூன்றாவதுதான் என்பது பெரும்பான்மை மதம் (சோபா உரை, இரண்டாம் இரவு). மூன்றாவது தொடங்கும்போதா, முடியும்போதா? முடியும்போதே (ஹெட்போன் உரை, வலது காது மட்டும், இடது காதில் அன்று ஒயர் போய்விட்டது). இல்லை, முதலாவது (மொட்டைமாடி உரை, கொசு அடித்த சத்தத்தால் சிதைந்த பகுதி, ‘முதலாவது’ என்பதை ‘முதலாளி’ என்றும் பாடம் ஓதுவர், அது வீட்டுக்காரர் மாடியேறி வந்ததைக் குறிக்கும் இடைச்செருகல்). கர்ஜனை என்பதே மாயை (மூன்றாம் பெக் உரை, இதை நான்காம் பெக்கில் இன்னொருவர் மறுத்ததும், ஐந்தாம் பெக்கில் இருவரும் கட்டிக்கொண்டு அழுததும், மறுநாள் காலை இருவருக்கும் நினைவில்லாததும் அடிக்குறிப்பில் வர வேண்டியவை. அடிக்குறிப்பு எழுதியவர் அப்போது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்).

படம் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தட்டு 43 நிமிடம். எனவே தட்டை மறுபடி போட வேண்டும், அதன்பிறகும் மறுபடி. இரண்டாம் சுற்றில் பொருந்துவது வியப்பு. மூன்றாம் சுற்றில் பொருந்தாதது முரண்தொடை.

அப்படி எதுவும் திட்டமிடவில்லை என்று ஆலன் பார்சன்ஸ் தெளிவாகச் சொல்லிவிட்டார். டிரம்மர் நிக் மேசன், தாங்கள் பின்பற்றியது ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தை என்று கிண்டலடித்தார். இதையெல்லாம் மறுப்பு என்று கொள்வது ஆய்வனுபவம் இல்லாதவர் செயல். ஆசிரியர் ஒப்புக்கொண்டால் அது அகச்சான்று, மறுத்தால் மறைபொருள், செத்துப்போனால் இன்னும் வசதி.

என் சொந்தக் கண்டுபிடிப்பையும் இங்கே பதிவு செய்கிறேன். தட்டு வெளிவருமுன் இப்பாடல்களைக் குழுவினர் 1972 பிப்ரவரியில் லண்டனில் வாசித்துக் காட்டினார்கள். அரங்கின் பெயர் ரெயின்போ தியேட்டர். டோரதி படத்தில் எதற்கு அப்பால் போக ஆசைப்பட்டுப் பாடினாள் என்பதை அறிந்தவர் அறிவர். இதை வேறு யாராவது முன்பே சொல்லியிருக்கக்கூடும். அவர்களை நான் படித்ததில்லை என்பதே இதன் அசல்தன்மைக்குச் சான்று. முனைவர் பட்டங்கள் இந்த ஒரு தூணின்மேல்தான் நிற்கின்றன.

களஆய்வு நண்பன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. படம் மடிக்கணினியில், பாட்டு அவன் போனில், புளூடூத் ஸ்பீக்கர் வழியாக. புளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு, கர்ஜனைக்கு எவ்வளவு முன்னால் அமுக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் தகராறு. சிங்கத்தைப் பின்னால் தள்ளி, ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி தள்ளி, அது எத்தனை முறை வாயைத் திறந்தது என்ற கணக்கே விட்டுப்போயிற்று. தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த நண்பனின் அம்மா நிமிர்ந்தார்.

“ஏண்டா, அந்தச் சிங்கத்த எத்தன தடவ கத்த விடுவீங்க? அதுக்குத் தொண்ட கட்டிக்கப்போவுது.”

“ஆராய்ச்சிம்மா.”

“பாட்டு கேக்கணும்னா பாட்டப் போடு. படம் பாக்கணும்னா படத்தப் போடு. ரெண்டையும் போட்டுட்டு ரெண்டையும் பாக்காம சண்ட போடுறீங்களே. நீங்க சொல்லக் கூடாதாப்பா இவனுக்கு?”

கடைசி வாக்கியம் எனக்கு. நான் பட்டாணியைப் பார்த்துக்கொண்டேன். இதனைப் பட்டாணி உரை என்க. ஒருமுறை கேட்டதும் புரிந்துவிடுகிறபடியால் ஆய்வுலகம் இதை ஏற்பதற்கில்லை.

ஒருவழியாக அமுக்கினோம். எதுவும் பெரிதாகப் பொருந்தவில்லை. பிறகு டோரதி தகர மனிதனின் நெஞ்சில் காதை வைத்தாள். ஸ்பீக்கரிலிருந்து இதயம் துடித்தது. நண்பன் என் கையைப் பிடித்தான். எனக்குப் புல்லரித்தது, மறைப்பானேன்? “மச்சான், பாத்தியா!” என்று அவன் எழுந்து நின்று போனை எடுத்தான். எடுத்தவன் முகம் மாறிற்று. போனில் ஷஃபிள் போட்டிருந்தது. பத்துப்பாட்டும் அதுவரை முன்னும் பின்னுமாகத்தான் ஓடியிருக்கிறது. துடித்த இதயமும் இதயமல்ல, நிக் மேசன் மிதித்த பாஸ் டிரம். ஆனால் ஒருமுறை வந்துவிட்ட புல்லரிப்பைத் திரும்பப் பெறும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

எச்சவியல்

இத்தட்டு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். 1973இலிருந்து 1988க்குள் பட்டியலில் இருந்தது 741 வாரம்.

பாடல்களுக்கு இடையிடையே பேச்சுக்குரல்கள் கேட்கும். ரோஜர் வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி, அபே ரோடு ஸ்டூடியோவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் நீட்டிப் பதிலைப் பதிவு செய்தார். அகப்பட்டவர்களில் பால் மெக்கார்ட்னியும் ஒருவர். அவர் பதில்கள் தட்டில் சேரவில்லை. ரொம்பவும் யோசித்துப் பேசியிருந்தார். ஸ்டூடியோவின் வாசல் காவலர் ஜெரி ஓ’டிரிஸ்கால் யோசிக்காமல் பேசினார், சேர்ந்தார். தட்டு முடியும் நேரத்தில், இருண்ட பக்கம் என்று நிலவுக்குத் தனியாக ஒன்று கிடையாது என்கிற கருத்தில் அவர் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். தலைப்பை நூலுக்குள்ளேயே ஒருவர் தள்ளுபடி செய்த பிறகும் தலைப்புக்கு உரை எழுதியவர்களை என்ன சொல்ல? வானியலும் வாசல் காவலர் கட்சிதான். நிலவின் மறுபக்கம் நமக்குத் தெரியாதே தவிர வெயில் அங்கும் அடிக்கிறது. 1959இலேயே லூனா 3 படமெடுத்து அனுப்பிவிட்டது.

காவலர் பேசி முடித்த பின் துடிப்பு மட்டும் தேய்ந்துகொண்டே போகும். சில பதிப்புகளில் ஒலியை முழுதாகக் கூட்டி வைத்தால், அந்தத் தேய்வுக்கு அடியில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றின் வாத்திய வடிவம் எறும்பு ஊர்வதுபோல் கேட்கும். ஹெட்போன் உரைகாரர் இது பற்றித் தனிநூல் எழுதுகிறார். காது மருத்துவர் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

கேட்டிராதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டை முதலிலிருந்து கடைசிவரை, வரிசையாக, ஒருமுறை கேளுங்கள். சிங்கம் தேவையில்லை. ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள்.