1054-க்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கி.பி. 1054-க்குக் குடிபோக நினைப்பவர்கள் ஜூலை 4-க்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். அன்றுதான் ரிஷப ராசியில் ஒரு நட்சத்திரம் வெடித்த வெளிச்சம் பூமிக்கு வந்து சேருகிறது. 23 நாள் பட்டப்பகலிலும் தெரியும். எந்த ஊரில் இறங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

சீனாவின் கைஃபெங் என்றால் அரண்மனை வானியல் அலுவலகத்தில் வேலை தேடுங்கள். திடீரென முளைக்கும் நட்சத்திரத்துக்கு அங்கே 'விருந்தாளி' என்று பெயர். வந்த தேதி, நின்ற இடம் எல்லாம் ஏட்டில் ஏறும். ஆனால் பார்த்ததை மட்டும் எழுதினால் பதவி உயர்வு வராது. யாங் வெய்டே என்ற அதிகாரியிடம் கற்றுக்கொள்ளுங்கள். நட்சத்திரம் மஞ்சளாக இருக்கிறது என்றும், நாட்டில் ஒரு மகான் இருக்கிறார் என்றும் சக்கரவர்த்திக்கு எழுதினார். மகான் யார் என்று சக்கரவர்த்தி கேட்டிருக்க மாட்டார்.

கான்ஸ்டான்டிநோபிளில் இறங்கினால் அப்பத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். திருப்பலி அப்பம் புளித்த மாவில் சுட்டதா, புளிக்காததிலா என்பது அங்கே பெரிய வழக்கு. நம் வீட்டில் மாவு புளித்த சண்டை இட்லி வெந்ததும் முடிந்துவிடும். அங்கே அப்படியில்லை. ஜூலை 16, சனிக்கிழமை. ஹாகியா சோபியாவில் பூசைக்கு ஆயத்தம் நடக்கும்போது ரோமிலிருந்து வந்த கர்தினால் ஹம்பர்ட் நேரே உள்ளே போய், மறைமுதல்வர் கெருலாரியஸைச் சபையிலிருந்து விலக்கும் ஆணையைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு, காலில் ஒட்டிய தூசியையும் உதறிவிட்டு வெளியேறினார். கோயில் ஊழியர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார், 'ஐயா, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சாத குறையாக. வாங்கவில்லை. காகிதம் தெருவில் விழுந்தது. அவரை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார் என்பது தனிக் கூத்து. பதிலுக்கு இந்தப் பக்கமும் விலக்கினார்கள். இரண்டு விலக்கையும் ரத்து செய்ய 1965 ஆனது.

இத்தனை ரகளையும் அந்த நட்சத்திரம் பகலில் எரிந்துகொண்டிருந்த நாட்களில்தான். கோயில் வாசலில் நிற்கும் நீங்களாவது ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அந்த நட்சத்திரத்தைப் பற்றி எழுதிவைத்தவர், அப்போது அந்த ஊரில் தங்கியிருந்த பாக்தாத் மருத்துவர் இப்னு புத்லான்.

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் ஷேக்ஸ்பியரை நம்ப வேண்டாம். ஜூலை 27-ல் ஆங்கிலத் தளபதி சிவார்டிடம் தோற்ற மன்னர் மக்பெத் நாடகத்தில் வருவதுபோல் அங்கே சாகவில்லை, 1057 வரை இருந்தார்.

தென்னிந்தியா என்றால் யானை மேல் ஏறாதீர்கள். பொதுவாக 1054 என்று குறிக்கப்படும் கொப்பம் போரில் முதலாம் ராஜாதிராஜ சோழர் யானை மீதிருந்தபடியே உயிர் விட்டார். கல்வெட்டில் அவர் பெயர் 'யானைமேல் துஞ்சிய தேவர்'. தம்பி அங்கேயே, களத்திலேயே, முடிசூடிக்கொண்டார்.

பயணம் ரத்தானவர்கள் ஜனவரி இரவில் மொட்டைமாடிக்கு ஒரு சிறு தொலைநோக்கியோடு போங்கள். ரிஷபத்தின் கொம்பு நுனிக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு புகைத் திட்டு தெரியும். நண்டு நெபுலா என்பார்கள். அந்த விருந்தாளியின் மிச்சம் அதுதான்.