உப்புத்தாளும் பொறுமையும்

கேள்வி: அப்பாவின் பழைய இரும்பு சைக்கிளுக்குப் புது பெயின்ட் அடிக்க ஆசை. நானே அடிக்கலாமா, பட்டறையில் கொடுக்கலாமா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: அடிக்க ஸ்ப்ரே டப்பா போதும், அடித்தது நிற்க உப்புத்தாள் வேண்டும். வேலையில் முக்கால்வாசி தேய்ப்பதுதான். 120-ஆம் நம்பர் தாளில் துருவைச் சுரண்டி, 400-இல் வழவழப்பாக்கி, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிரைமர் அடித்த பிறகுதான் நிறத்துக்கே முறை வரும். ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் பெயின்ட் கண்ணீர் வடிக்கும். மெல்லிசாக மூன்று, நான்கு தடவை அடியுங்கள். ஐப்பசி அடைமழையில் தொடவே தொடாதீர்கள்.

இத்தனைக்கும் பொறுமை இல்லையா? பீரோவுக்கும் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் செய்கிற இடத்தில் கொடுங்கள். பவுடரை மின்னேற்றி ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் சுட்டெடுப்பார்கள். கீறலைத் தாங்குவதில் டப்பா பெயின்ட் அதன் பக்கத்தில்கூட நிற்காது. பெடல் அச்சு மாட்டும் இடத்து மரைகளை மட்டும் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மறந்தால் சைக்கிள் பளபளக்கும், பூட்டத்தான் முடியாது!

தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் என் ஓட்டு பட்டறைக்கே. நிறத்தை அப்பாவிடம் கேளுங்கள். அநேகமாகக் கறுப்பு என்பார்.