கல்லாவிலிருந்து ஒரு மேற்பார்வையாளரின் விண்ணப்பம்

அனுப்புநர்:
சான்றிதழ் பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் (கல்லாப்பெட்டிப் பிரிவு),
டீ மற்றும் பரோட்டாக் கடை,
வத்திராயிருப்பு, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
தலைமைச் செயல் அதிகாரி அவர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
கோட்லா சாலை, புது தில்லி.

பொருள்: ஆன்லைனில் சுத்தமானதற்கு நன்றி தெரிவித்தலும், பரோட்டா மாஸ்டரின் காய்ச்சல் குறித்து விளக்கம் கோருதலும் – தொடர்பாக.

ஐயா,

தாங்கள் 2017-இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் நானும் தேறிவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சான்றிதழை லேமினேட் செய்து, லட்சுமி படத்துக்கும் ஜிபே அட்டைக்கும் நடுவில் மாட்டியிருக்கிறேன். ஊதுபத்தி மூன்றுக்கும் பொதுவாகக் காட்டப்படுகிறது.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காகப் பால்கோவா எந்த வீடியோவும் பார்க்கவேண்டியிருக்கவில்லை. நான் பார்த்தேன். சால்னாச் சட்டிமேல் போனைச் சாய்த்துவைத்து, கேமராவை அணைத்துவிட்டு, வகுப்பு முழுவதும் இருந்தேன். பயிற்சியாளர் கை கழுவும் படிகளை விளக்கிய நேரத்தில் மாஸ்டர் முழங்கைவரை மாவில் இருந்தார். அவருக்கு நெற்றியில் வேர்த்தது. தோளால் துடைத்துக்கொண்டார். அது சரியான முறைதானா என்று கேட்க நினைத்தேன். மைக்கைத் திறந்தால் கடைச் சத்தம் போகும் என்று விட்டுவிட்டேன். இதற்கும் வழியில்லாத முதலாளிகளுக்காக ஆன்லைன் சென்டர்கள் இருக்கின்றன. ஆதாரையும் ஓடிபியையும் கொடுத்தால் போதும், வகுப்பை அவர்களே கவனித்துக்கொள்வார்கள். ஒருவர் கை கழுவ இன்னொருவர் கற்றுக்கொள்ளும் வசதி நம் நாட்டில்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லலாம்.

தங்கள் விதிப்படி, லைசென்ஸ் எடுத்த கடையில் 25 பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளராவது பயிற்சி பெற்றிருக்கவேண்டும். என் கடையில் என்னையும் ஆட்டுக்கல்லையும் சேர்த்து எண்ணினாலும் 25 வராது. ஆகவே ஒரே ஆள், நானே. மாவைத் தொடுவது மாஸ்டர், இலை போடுவது சப்ளையர், டம்ளரை ஒரு வாளியில் முக்கி அடுத்த வாளியில் எடுப்பது கிளீனர் பையன். நான் தொடுவது ரூபாய் நோட்டு ஒன்றைத்தான். சுத்தம் பற்றி அறிந்தவன் உணவைத் தொடுவதில்லை, உணவைத் தொடுகிறவனுக்குப் பாடம் இல்லை. கிருமிக்குக் குழப்பம் வரட்டும் என்றே தாங்கள் இப்படி வகுத்திருக்கவேண்டும்.

எங்கள் வீதியில் மற்ற கடைகளுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. 2011 விதிகளில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு மட்டும் போதும் என்று வைத்தீர்கள் அல்லவா? அன்றிலிருந்து இங்கே எந்தக் கடையும் 12 லட்சத்தைத் தாண்டியதில்லை. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகும் கூட்டம் தாணிப்பாறைவரை வழிந்தபோதும் தாண்டவில்லை. 2025-இல் பக்கத்துக் கூமாப்பட்டி இன்ஸ்டாகிராமில் ஊர் உலகமெல்லாம் பரவி, கார் காராக ஜனம் வந்து இறங்கியபோதும் தாண்டவில்லை. தாண்டினேன் என்று ஒப்புக்கொண்டவன் நான்தான். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

தேர்வு கஷ்டமாக இல்லை. சூடான உணவை 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குக் கீழும் வைக்கவேண்டும், இடைப்பட்டது ஆபத்து. சரியாகத்தான் எழுதினேன். எங்கள் தேங்காய்ச் சட்னி காலையிலிருந்து அந்த இடைப்பட்ட இடத்திலேயே குடியிருக்கிறது. ஆனால் கேள்வி சட்னியைப் பற்றியது இல்லை. பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதையும் எழுதினேன். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைச் சாப்பிட்டு வளர்ந்த மாவட்டத்துக்காரனிடம் இதைக் கேட்பதற்கு ஒரு மனத்துணிவு வேண்டும். தங்களுக்கு அது இருக்கிறது.

இதையெல்லாம் விளையாட்டாக நினைப்பவன் இல்லை நான். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்துபோனாள். அதற்கப்புறம் மாநிலமெங்கும் ரெய்டு நடந்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது. சாப்பாட்டுக் கடைக்குள் வருகிறவர் உயிரைத்தான் நம்மிடம் கொடுத்துவிட்டு உட்காருகிறார். அதனால்தான் என் சந்தேகத்தை நேராகத் தங்களிடமே கேட்கிறேன்.

தங்கள் விதிகளில் நான்காம் பட்டியல் என்று ஒன்று உண்டு. உணவைக் கையாளுகிறவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி, தொற்று இருப்பவர் உணவுப் பக்கமே வரக்கூடாது, உடம்பு சரியில்லை என்றால் அவரே சொல்லிவிடவேண்டும். அருமையான விதி. நான் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் மாஸ்டர் வந்து, “அண்ணாச்சி, காய்ச்ச அடிக்குது, வயிறும் சரியில்ல” என்றார். சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தேன். “சட்டப்படி நீ அடுப்படிக்குள்ள வரக்கூடாதுப்பா, வீட்டுக்குப் போ” என்றேன். போகிற ஆள் வாசலில் நின்று, “கூலி?” என்றார். பாடத்தை மனத்துக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். “அது பாடத்துல வரலையேப்பா” என்று உண்மையைச் சொன்னேன்.

அடுத்த தடவை அவருக்குக் கண் சிவந்திருந்தது. வீச்சு பரோட்டாவுக்கு மாவை விசிறும்போது கை நடுங்கி ஓரம் கிழிந்தது. சட்டைப் பையில் பாராசிட்டமால் அட்டை எட்டிப் பார்த்தது. “காய்ச்சலாப்பா?” என்று கேட்டேன். “கல்லு சூடு அண்ணாச்சி” என்றார். வயிறு? “நல்லாத்தான் இருக்கு.” பணியாளரே சொல்லவேண்டும் என்பதுதானே விதி? அவர் சொல்லவில்லை. ஆகவே பதிவேட்டில் ‘நோய் அறிகுறி: இல்லை’ என்று எழுதி, மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று பரோட்டா நன்றாக விற்றது.

ஈஎஸ்ஐ இருந்தால் நோய்க்காலத்தில் 70 சதவீதக் கூலி கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். கடையில் 10 பேராவது இருந்தால்தான் அது கட்டாயமாம். இங்கே ஆட்டுக்கல் கணக்கில் வராது என்றும் சொல்லிவிட்டார். மற்ற தொழிலாளர் சட்டங்களில் ஏதாவது இருக்கலாம். ஆனால் அது வேறு துறை, வேறு போர்ட்டல், வேறு பாஸ்வேர்டு.

இந்தச் சிக்கல் வத்திராயிருப்பில் பிறந்தது இல்லை. நியூயார்க்கில் மேரி மல்லன் என்ற சமையல்காரம்மா இருந்தார். தனக்கு ஒரு நோவும் இல்லாமல் சமைத்த பல வீடுகளில் டைபாய்டு பரப்பியதாக 1907-இல் பிடித்து ஒரு தீவில் அடைத்தார்கள். இனிச் சமைக்கமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு 1910-இல் விட்டார்கள். துணி வெளுக்கும் வேலை பார்த்தார். அந்தக் கூலி சமையல் கூலிக்குப் பக்கத்தில் வராது. 1915-இல் பிடித்தபோது பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் 1938-இல் சாகும்வரை தீவுதான். அந்த அம்மாவுக்குக் கிருமியைப் பற்றிப் பாடம் நடத்தியவர்கள் நிறையப் பேர். துணி வெளுத்தால் குறைகிற பணத்தைப் போட்டுக் கொடுக்க ஒருவரும் இல்லை.

அதே அமெரிக்கா இப்போது நன்றாகத் தேறிவிட்டது. அங்கே சர்வ்சேஃப் என்று ஓர் ஆன்லைன் வகுப்பு. 2023-இல் தொழிலாளி சுமார் 15 டாலர் கட்டிப் படித்தார். அதை நடத்துவது உணவக முதலாளிகளின் தேசியச் சங்கம். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தக்கூடாது என்று வாதாடுவதும் அதே சங்கம்தான் என்று 2023 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. தொழிலாளியின் காசில் தொழிலாளியின் கூலியை அமுக்கிவைக்கிற அந்த நிர்வாகத் திறமையைப் படித்து நான் எழுந்து நின்றுவிட்டேன். நாம் இன்னும் அவ்வளவு தூரம் வளரவில்லை. முதலாளியாகிய நானே பணம் கட்டிப் படிக்கவேண்டிய நிலையில்தான் இருக்கிறோம்.

என் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அடுத்த தேர்வுக்கு உட்காரும்போது கீழ்க்கண்ட கேள்வியைச் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன்:

காய்ச்சல் என்று உண்மை சொன்ன பணியாளரை விதிப்படி வீட்டுக்கு அனுப்பினால், அன்றைய கூலியை யார் கொடுக்கவேண்டும்? (அ) முதலாளி (ஆ) ஆணையம் (இ) டெலிவரி ஆப் (ஈ) சதுரகிரி சுந்தர மகாலிங்கம்.

சரியான விடையை முன்கூட்டியே அனுப்பினால் உதவியாக இருக்கும். விடை ‘அ’ என்றால் மட்டும், இந்தக் கடிதம் தங்களுக்கு வந்து சேரவேயில்லை என்று வைத்துக்கொள்ளும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்பார்வையாளர்.