லுக்கு விடுதல்: படப்பை பஸ் ஸ்டாப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பிய விதிப்படி லகரம் மொழிக்கு முதலில் வராது. அதனால் ‘லுக்கு’ தமிழே அன்று எனத் தள்ளுவோர் உண்டு. அவர்கள் காலை ஷிஃப்டுக்கு முன் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பையில் நின்று பார்த்தவர்கள் அல்லர். ‘நோக்கு’தான் திரிந்து ‘லுக்கு’ ஆயிற்று என நிறுவ எனக்கும் ஆசை உண்டு. நகரம் லகரமாக ஒரு விதியும் சிக்காததால் விட்டுவிட்டேன்.

இலக்கணம் சுவையானது. லுக்கு தானாக வினையாகாது, ‘விடு’ வேண்டும். அம்பு, பட்டம், பீலா வரிசையில் இதுவும் விடப்படும் பொருள். ‘சைட்’ மட்டும் ஏன் அடிக்கப்படுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. “புல்லட் லுக்கு செம, மைலேஜ் எவ்ளோ?” என்னும்போது பார்ப்பவன் தொழில் பார்க்கப்படும் வண்டியின் தோற்றத்துக்குப் பெயராகிறது, ஆகுபெயர் என்க. “என்னடா லுக்கு?” என்பதோ வினா வடிவில் வரும் வெகுளி. இதற்கு விடை சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி.

படப்பைக்கே உரியது டேக் லுக்கு. ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் முதலில் முகத்தில் பார்ப்பதில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிற்றைப் பார்க்கிறார்கள். பெர்மனென்ட்டா, கான்ட்ராக்டா, ட்ரெயினியா? கயிற்றின் நிறம் பல கம்பெனிகளில் சொல்லிவிடும். கண் அதன் பிறகே மேலே ஏறும், ஏறினால். வள்ளுவர் குறிப்பறிதலை இரண்டு அதிகாரமாக வைத்தது ஏன் என்பது இங்கே விளங்கிற்று. டேக் லுக்கு பொருட்பாலின் 71ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. கயிறு பெர்மனென்ட் என்றால் மட்டுமே காமத்துப்பாலின் 110க்குப் போகிறது. இடையில் 38 அதிகாரம் இருந்தும் கடக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. கான்ட்ராக்ட் இளைஞர்கள் சிலர் டேக்கைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு நிற்பது இதனால்தான் என்பது என் துணிபு.

ஒரு முரண். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில், டியூப்லைட் வெளிச்சத்தில், பெயின்ட் கீறல் தேடி ஷிஃப்ட் முழுக்கக் கண் வலிக்கப் பார்ப்பவரை ‘லுக்கு விடுகிறார்’ என எவரும் சொல்வதில்லை. அது செக்கிங். ஆக, சம்பளமில்லாத பார்வையே லுக்கு என வரையறுக்கலாம்.

இந்த வரையறையை உடைப்பவர் சூப்பர்வைசர். பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறார். ஆனாலும் லைனில் “சார் லுக்கு விடுறாரு” என்றே பேச்சு. அது கம்பெனிக் கணக்கா, சொந்தக் கணக்கா என்று அவரிடம் கேட்டுச் சொல்ல ஆள் தேடினேன். ஒருவரும் முன்வரவில்லை.