தப்பான வைட் லென்ஸைத் தப்பாமல் வாங்குவது எப்படி?

உங்களிடம் ஒரு 4×5 அங்குல ஃபிலிம் கேமரா இருக்கிறது. கூடவே 150 மி.மீ. லென்ஸ் ஒன்றும், அதில் எடுத்த சில நல்ல படங்களும். இந்த நிம்மதி நீடிக்கக் கூடாது. வைட் லென்ஸ் ஒன்று வாங்கியே ஆக வேண்டும், அதுவும் முறைப்படி. பயப்படாதீர்கள், பாதி வேலையை நீங்களே அழகாகச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதிக்கு நான் இருக்கிறேன்.

1. எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று யோசிக்காதீர்கள். யோசித்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். அப்புறம் ராத்திரி முழுக்க விலை பார்த்துக்கொண்டிருக்க என்ன சாக்கு சொல்வீர்கள்?

2. அதற்குப் பதில் கணக்குப் போடுங்கள். 90 மி.மீ. என்பது சின்ன 35 மி.மீ. கேமராவில் எத்தனைக்குச் சமம்? நீள விளிம்பை வைத்து வகுத்தால் 27. மூலைவிட்டத்தை வைத்தால் 25 சொச்சம். குட்டை விளிம்பை வைத்தால் 23கூடத் தேறாது. இரண்டு ஃபிலிமுக்கும் வடிவமே வேறு என்பதால் மூன்று விடையும் சரி, மூன்றும் தப்பு. நண்பரோடு சண்டை போட இதைவிடத் தோதான விஷயம் கிடைக்காது. அட்டையில் ஃபிலிம் அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, கண்ணிலிருந்து 90 மி.மீ. தள்ளிப் பிடித்தால் லென்ஸ் பார்ப்பது அப்படியே தெரிந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். காசு செலவில்லாத காரியம். ஆகவே வேண்டாம்.

3. எல்லாரும் 90 வாங்கு என்பார்கள். எல்லாரும் சொல்வதாலேயே அது உங்களுக்கு ஆகாது. 75 பாருங்கள். பார்த்த கையோடு 65. ஷ்னைடரின் 47 மி.மீ. சூப்பர் ஆங்குலான் எக்ஸ்எல் 120 பாகை பார்க்கும் என்று படித்ததும் மற்றதெல்லாம் மறந்துபோக வேண்டும். உங்கள் கேமராவின் முன்பலகை பின்பலகையை அவ்வளவு நெருங்குமா என்று அளந்து பார்க்காதீர்கள். மடக்கு கேமரா என்றால் அதன் அடிப்பலகையும் படத்தில் விழும். உங்கள் கேமராவை உங்கள் கேமராவே படமெடுப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

4. இமேஜ் சர்க்கிள் என்ற எண்ணைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருங்கள். லென்ஸ் உள்ளே விழவைக்கும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. 4×5 ஃபிலிமின் மூலைவிட்டம் சுமார் 153 மி.மீ., பழைய 90 மி.மீ. ஆங்குலான் எஃப்/6.8 தரும் வட்டம் 154. ஃபிலிமை மூடிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்? உள்ளங்கையில் அடங்கும், விலையும் மலிவு. வாங்கிக்கொண்டு நேரே ஸ்ரீரங்கம் போங்கள்.

ராஜகோபுரம் 236 அடி. அதே தூரம் பின்வாங்கி, ஃபிலிமை நெட்டுக்குத்தாக வைத்து நில்லுங்கள். கேமராவை அண்ணாத்தினால் கோபுரம் மல்லாக்கச் சரியும். அப்படிச் சரியாமல் இருக்கத்தானே இந்தப் பெட்டியைச் சுமந்து வந்தீர்கள்? கேமராவை மட்டமாகவே வைத்தால் கோபுரம் ஃபிலிமில் 90 மி.மீ. உயரத்துக்கு விழும். ஆனால் அடிவானம் நட்டநடுவில் நிற்பதால் அதற்கு மேல் மிச்சமிருப்பது 60 மி.மீ.தான். கலசங்களும் மேல்நிலைகளும் வெளியே, கீழ்ப்பாதி முழுக்கத் தார்ச்சாலை. லென்ஸை 30, 35 மி.மீ. மேலே ஏற்றினால் எல்லாம் உள்ளே வந்துவிடும். 216 மி.மீ. வட்டம் தரும் 90 மி.மீ. சூப்பர் ஆங்குலான் எஃப்/8 இந்த நிலையில் 36 மி.மீ. ஏற்றத்தைத் தாங்கும். உங்கள் ஆங்குலான் அரை மி.மீ. தாங்காது. இருந்தாலும் ஏற்றுங்கள். கறுப்புத் துணிக்குள் தலைகீழாகத் தொங்கும் கோபுரத்தின் கலசங்கள் கண்ணாடியின் கீழ்விளிம்பில் எட்டிப்பார்க்க வேண்டிய நேரத்தில், இரண்டு கறுப்பு மூலைகள் எட்டிப்பார்க்கும். பழமையின் அழகு என்று சொல்லிக்கொள்ளலாம்.

5. அந்தத் தோல்விக்குப் பின் எதிர்த்திசையில் பாயுங்கள். நிக்கார் 90 மி.மீ. இரண்டு வகையில் வந்தது: எஃப்/8, 360 கிராம், எஃப்/4.5, 600 கிராம். இரண்டுக்கும் ஒளிவட்டம் ஒரே 235 மி.மீ. கனமானதை வாங்குங்கள். ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கும், இருட்டு மண்டபத்தில் அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆகவே அதை மண்டபத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். உச்சி வெயிலில் மலையேறி, எஃப்/22 வைத்தே எடுங்கள்.

6. பழைய லென்ஸ்தான் கிடைக்கும், நிக்கான் 2006லேயே இந்த வியாபாரத்துக்கு முழுக்குப் போட அறிவித்துவிட்டது. எனவே டார்ச் எடுங்கள். ஷ்னைடர் லென்ஸின் உள்விளிம்பில் கறுப்பு வண்ணம் உரிந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். படத்தை அது ஒன்றும் செய்யாது, ஆகவே உங்கள் கவலை முழுவதையும் அதன்மேல் வையுங்கள். ஷட்டரில் ஒரு விநாடி வைத்து அழுத்திக் காது கொடுத்துக் கேட்காதீர்கள். அது இழுத்து இழுத்து முனகினால் மனசு கஷ்டப்படும். வந்த லென்ஸைத் தோல் உறையில் போட்டு, சென்னை ஐப்பசி மழையில் அலமாரியின் அடித்தட்டில் பூட்டுங்கள். பூஞ்சை பூப்பதற்கு அதைவிட நல்ல இடத்தை என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

7. பெல்லோஸைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். 150 மி.மீ. லென்ஸுக்குத் தைத்த மடிப்புத் துருத்தி 90க்கு வரும்போது முழுக்க நசுங்கிக் கல்லாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய ஏற்றத்தைத் துருத்தி தடுத்துவிடும். தளர்ந்து தொங்கும் பை பெல்லோஸ் ஒன்று போட்டால் தீர்ந்தது. நீங்கள் குழிந்த லென்ஸ் போர்டு வாங்குங்கள். ஷட்டர் குழிக்குள் போய்விடுவதால் கேபிள் ரிலீஸைத் திருக விரல் போகாது. லென்ஸின் பின்கண்ணாடி கேமராவின் துவாரத்தில் நுழையாவிட்டால் கழற்றி, உள்ளேயிருந்து மாட்டலாம். இதற்குக் கடற்கரை மணல் உகந்தது.

8. மூலைகள் இருட்டுகிறதா? 100 பாகை பார்க்கும் லென்ஸில், கோட்பாட்டுக் கணக்குப்படி ஓரத்துக்கு வருவது நடுவில் விழும் ஒளியில் ஆறில் ஒரு பங்குதான். நவீன லென்ஸ்கள் கொஞ்சம் ஈடுகட்டும், மீதியை நடுவில் கறுத்த சென்டர் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். விலை கேட்டால் லென்ஸ் மலிவாகத் தோன்றும். போட்டதும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளி போய்விடும். 1900இல் கோயர்ஸ் கம்பெனி வெளியிட்ட ஹைப்பர்கான் லென்ஸ் 135 பாகை பார்த்தது. அதன் முகத்துக்கு நேரே நட்சத்திர வடிவில் ஒரு குட்டி விசிறி. ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்தால் சுழன்று நடுவெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு அதை ஒதுக்கிவிட்டு மீதி எக்ஸ்போஷரைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு அழகான பைத்தியக்காரத்தனம்! சாதாரணக் கறுப்பு வெள்ளையில் மூலை இருட்டை பிரிண்ட் போடும்போதே சரிக்கட்டலாம். நீங்கள் ஃபில்டரையே வாங்குங்கள்.

9. எல்லாம் வந்து சேர்ந்ததும் வீட்டு மாடியிலிருந்து எதிர்வீட்டுச் செங்கல் சுவரை எடுங்கள். நெகட்டிவை லூப்பில் வைத்து மூலைச் செங்கல்லை மட்டும் பாருங்கள். கொஞ்சம் மங்கல்தானே? அப்படித்தான் இருக்கும். நஷ்டத்துக்கு விற்றுவிடுங்கள், பேரம் பேசாதீர்கள், நேரமில்லை. ஜப்பானிலிருந்து ஒரு 110 மி.மீ. சூப்பர் சிம்மார் எக்ஸ்எல் விலைக்கு வந்திருக்கிறது. எக்ஸலண்ட், அதன் பின்னால் ஐந்து ப்ளஸ் போட்டிருக்கிறார்கள்.