முகமூடியும் மனுப்பெட்டியும்

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' சித்திர நாவல் ஸாக் ஸ்னைடர் கையில் படமாகி வந்தது 2009-இல். விக்ரம் சேவல் வேடம் கட்டிய 'கந்தசாமி' வந்ததும் அதே ஆண்டுதான். முன்னதில் மழை, இருட்டு, அணுகுண்டு பயம். மைக்கறை உருமாறிக்கொண்டே இருக்கும் முகமூடியோடு திரியும் ரோர்ஷாக்கை யாரும் கூப்பிடுவதில்லை. அவரே கதவை உடைத்துக்கொண்டு வருகிறார். பின்னதில், திருப்போரூர் கோயில் மரத்தில் சனங்கள் குறையை எழுதிக் கட்டுகிறார்கள். படித்துப் பார்த்த பிறகே சேவல் கிளம்புகிறது. 2005-இல் வந்த 'அந்நிய'னோ இணையத்தில் புகார் வாங்கினான். தமிழ் சூப்பர் ஹீரோவுக்கு முகமூடியைவிட மனுப்பெட்டி முக்கியம் என்பது என் கட்சி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கும் இவர்களுக்கும் ஒரே வித்தியாசம், இவர்கள் ரசீது தருவதில்லை.

1972-இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி யாரிடம் மனு வாங்கினார் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அவர் லண்டன்காரர். தவிர, மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார். நம் பக்கத்து மின்தடையில் அவர் பாதி நாள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருப்பார். 'மாவீரன்' (2023) பட நாயகனுக்கு அசரீரிதானே கேட்டது, மனு எங்கே என்பார்கள். குடிசைவாசிகளைக் குடியேற்றிய அடுக்குமாடியில் சுவர் பெயர்ந்து விழுகிறதே, அதைவிடப் பெரிய மனு வேண்டுமா? அமெரிக்கக் காமிக்ஸில் உலகம் அழியப்போகிறது. நமக்குச் சிமெண்டு சரியில்லை. எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிக இருட்டாகப் படுகிறது.

ரோர்ஷாக்கை நம் டெல்டாப் பக்கக் குமராட்சிக் கடைத்தெருவில் விட்டுப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் முகமூடியைப் பார்க்கமாட்டார், நடையைத்தான் பார்ப்பார். "யாரு, கணக்குப்பிள்ளை மவனா? இந்நேரத்துல எங்க தம்பி கிளம்பிட்ட?" அதோடு ரகசியம் போயிற்று, விடிந்தால் வீட்டு வாசலில் மனுக் கூட்டம். அதே 'வாட்ச்மென்' கதையில் அணுவையே பிரித்துச் சேர்க்கும் டாக்டர் மன்ஹாட்டன் வந்தாலோ, யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எவரும் கேட்கமாட்டார்கள். சம்பா நெல் அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி, பனிக்குப் பயந்து தார்ப்பாய் போர்த்தி, காலையில் கிளறிக் காயவைத்து, திரும்பவும் போர்த்திக் காத்திருப்பவர்களுக்கு, நிலையத்து மெஷின் நெல்லின் ஈரப்பதத்தை 17 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டக் கூடாது, அவ்வளவுதான். "உங்களால ஆவும் சார், கொஞ்சம் கை வைங்க." படத்தில் அவர் மனுசங்களே வேண்டாமென்று செவ்வாய்க் கிரகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். தை மாசமாக இருந்தால் அங்கேயும் இரண்டு பேர் போய் நிற்பார்கள், ஊராட்சித் தலைவரின் சிபாரிசுக் கடிதத்தோடு.