ஒயில் கூடின கார்

எங்கள் வீட்டில் நின்ற ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ55 ஒரு ஸ்போட்ஸ் காருக்குக் கூடப்பிறந்தது என்று அந்த நாளில் உடுப்பிட்டிச் சந்தியில் நின்று சொல்லியிருந்தால், கேட்டவர்கள் தவறணை இருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். 1955 இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்ஜிஏ என்ற இரண்டு இருக்கைக் காருக்குள் இருந்ததும் ஐயாவின் கேம்பிறிட்ஜுக்குள் இருந்ததும் ஒரே பி-சீரிஸ் எஞ்சின், 1489 சிசி. அங்கே காபரேற்றர் இரண்டு, இங்கே ஒன்று. அங்கே கூரையை மடக்கிவிட்டு ஒரு சோடி காற்று வாங்கப் போகும். இங்கே ஒன்பது பேரும் ஒரு பொங்கல் பானையும் செல்வச்சந்நிதிக்குப் போவோம். மொறிஸ் மைனர் வைத்திருந்த வாத்தியார்மாரும் லேசுப்பட்டவர்களல்லர். அவர்களுடைய 948 சிசி எஞ்சினைத்தான் 1958 இல் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற குட்டி ஸ்போட்ஸ் காருக்குள் வைத்தார்கள்.

இந்த எஞ்சின்களுக்கு ஒயில் குடிப்பது பிறவிக் குணம். கிராங்கின் பின்பக்கத்தில் றப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளுவதற்கு ஒரு புரி மட்டும் வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுழலும்வரை அது வேலை செய்யும், நிறுத்தினால் சொட்டும். எங்கள் முற்றத்து மணலில் கார் நிற்கும் இடம் எப்போதும் கறுப்பு. சொட்டாதது எரிந்து போகும். ஐயாவுக்கு அதற்கொரு சாத்திரம் இருந்தது: அழுத்தி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் பிஸ்ரன் றிங், இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும்போது வந்தால் வால்வ் கைட். இறக்கம் தேடி யாழ்ப்பாணத்தில் எங்கே போவது என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

புதுக் கார் வாங்கலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லையென்று இறக்குமதியை இறுக்கிய அரசு 1977 வரை கையைத் தளர்த்தவில்லை. ஆகவே சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்ரன் போடுவார்கள். கொஞ்சக் காலத்தில் திரும்பவும் கடைவார்கள். டிக்கிக்குள் ஸ்பெயர் ரயர் இல்லாமல் ஐயா நெல்லியடி தாண்டிப் போயிருக்கிறார். ஒயில் ரின் இல்லாமல் சந்திகூடத் தாண்டியதில்லை.

1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கியது. மின்சாரம் நின்றது, பெற்றோல் தடைசெய்த பொருளானது. குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது என்பதால், சூப்பிப் போத்தலில் சேமித்து வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட வேண்டும். ஸ்ராட் ஆனதும் ஒருவர் அக்சிலேற்றரை மிதித்தபடியே இருக்க வேண்டும். காலை எடுத்தால் இன்னும் சில துளி செலவு. தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்தார்கள். எஞ்சின் சூடு குறையாமலிருக்க ஐயா றேடியேற்றருக்கு முன்னால் சாக்குத் துண்டு கட்டினார். வெள்ளைப் புகையும் மணமும் முன்னால் வரும், கார் பின்னால் வரும். மந்திகை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களும் இந்தப் புகைக்குள்ளால்தான் போனார்கள்.

இங்கிலாந்திலும் ஃபெர்குசன் உழவு இயந்திரங்களை இப்படியொரு மண்ணெண்ணெய்ச் சாதி எரிபொருளில் ஓடவிட்டார்கள்தான். ஆனால் அதற்கென்றே அமுக்கத்தைக் குறைத்து, எரிபொருளை எக்சோஸ்ற் சூட்டில் ஆவியாக்கும் ஏற்பாடும் செய்து கட்டிய எஞ்சின்கள் அவை. எங்களிடம் இருந்த ஏற்பாடு சாக்குத் துண்டு.

இந்தக் காலத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. ஐயா ஒருநாள் விடிய டிப்ஸ்ரிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். ஒயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. பிறந்த நாள் தொட்டு ஒயில் குடித்த கார், ஒரு சொட்டும் ஊற்றாமலே ஒயில் தந்தது!

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு, தேய்ந்த றிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்கியிருந்தது. நாலு லீற்றருக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும் சம்பில் இருந்த ஒயில், ரசம் போலத் தண்ணீராய்ப் போயிருந்தது. பேரிங்குக்கு அது விஷம். கராச் அண்ணை ஒரு துளியை விரல்களுக்கிடையில் உரசிவிட்டு, "உதை ஊத்திப்போட்டுப் புதுசு விடுங்கோ, ஐயா" என்றார். புதுசுக்கு எங்கே போவது? ஒயில் ரின் வெறுமையாகி மாதங்கள் ஆகியிருந்தன. முன்னொரு காலத்தில் வடித்து வைத்த பழைய ஒயிலைத் தெளியவைத்து, சாரத் துணியில் அரித்து, அதையே திரும்ப விட்டோம். பி-சீரிஸ் எஞ்சின் அதற்கும் சம்மதித்தது. 1995 இல் யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து, ஒரு பகுதியினர் எங்கள் வடமராட்சிக்கு வந்தபோது, அந்த ஒயிலில்தான் கேம்பிறிட்ஜ் ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றி இறக்கியது.

இப்போது அது வேறொருவர் கையில் இருக்கிறது. வெள்ளைப் பெயின்ற் அடித்து, கலியாணப் படமெடுப்புக்கு விடுகிறார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஏறி இருப்பார்கள், கமராக்காரர் முன்னால் நிற்பார், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒயில் குடிப்பதே இல்லையாம். பெருமையாகச் சொன்னார்கள்.

என் அக்காவின் மகன் இலண்டனில் ஒரு எம்ஜிஏ வாங்கியிருக்கிறான். அதே 1489 சிசி. உடுப்பிட்டியில் ஒரு வீடு கட்டக்கூடிய காசு அது. அண்மையில் டிப்ஸ்ரிக்கைக் கமராவுக்கு நேரே பிடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"மாமா, ஆயிரம் கிலோமீற்றருக்கு முக்கால் லீற்றர் குடிக்குது. எஞ்சின் போட்டுதோ?"

"நீலப் புகை வருதோ?"

"வடிவாத் தெரியேல்லை. ஞாயிற்றுக்கிழமையில மட்டுந்தான் ஓடுறனான்."

"என்ன ஒயில் விட்டனி?"

சொன்னான். புதுக் கார்களுக்கு விடும் 0டபிள்யூ-20, கடையில் இருந்ததிலேயே விலை கூடினது. தேய்ந்த றிங்குக்கும் சீல் இல்லாத கிராங்குக்கும் அந்த மெல்லிய ஒயில் எப்படி நிற்கும்? 20டபிள்யூ-50 விடச் சொன்னேன். புதுக் காருக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் போகலாம் என்று கையேட்டில் எழுதும் கம்பனிகள் உண்டு. மஸ்டா ஆர்எக்ஸ்-8 இன் சுழல் எஞ்சினோ, உள்ளிருக்கும் சீல்கள் காயாமலிருக்க வேண்டுமென்றே ஒயிலை எரிக்கிறது. அதற்கெனத் தனிப் பம்ப் வேறு. இதையெல்லாம் சொல்லியும் மருமகனின் முகம் தெளியவில்லை. தாத்தாவின் காரில் மட்டம் ஏறிய கதையைச் சொன்னேன். "அப்ப அது நல்ல எஞ்சின், என்ன மாமா?" என்றான்.

பழைய கார் வைத்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால் லீற்றர் குறைந்தால் முக்கால் லீற்றரை ஊற்றிவிட்டு ஓடுங்கள். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் ஸ்ராட் பண்ண வேண்டாம். பெற்றோலோ தண்ணீரோ சம்புக்குள் இறங்குகிறது, கராச்சுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.